சரித்திர வகுப்பில் கணக்கும் வேண்டும்!

பரீட்சையில் ஒரு கேள்வி வருகிறது: "தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம் எந்த ஆண்டுகளில் ஏற்பட்டது?" மாணவன் "1876 முதல் 1878 வரை" என்று எழுதுகிறான். ஒரு மார்க் கிடைக்கிறது. அத்தோடு பஞ்சம் முடிந்து விடுகிறது!

எத்தனை பேர் மாண்டார்கள்? ஏன் மாண்டார்கள்? தானியமே இல்லையா, இருந்தும் கிடைக்கவில்லையா? நிவாரண வேலைக்குப் போனவனுக்கு சர்க்கார் என்ன கூலி கொடுத்தது? அந்தக் கூலியில் ஒரு மனிதன் உயிர் வாழ முடியுமா? இவற்றை மாணவன் கேட்பதில்லை. கேட்கும்படி அவனை யாரும் பழக்குவதும் இல்லை.

சரித்திர வகுப்பு பல பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. வாத்தியார் புத்தகத்தை வாசிப்பார். பிள்ளைகள் முக்கியமான வரிகளின் கீழ் கோடு போடுவார்கள். வீட்டுக்குப் போய் நெட்டுருப் போடுவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து விடுவார்கள்.

வாசிப்பு என்றால் அது மொழி வகுப்பின் வேலை. கூட்டல், வகுத்தல் என்றால் அது கணக்கு வகுப்பின் வேலை. சரித்திர வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், கணக்குப் போடவும் வேண்டாம். ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்தால் போதும் என்ற எண்ணம் வேரூன்றி விட்டது.

இந்த எண்ணத்தால் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக நஷ்டப்படுவது தொழிலாளியின் பிள்ளைதான்.

பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை

"பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் படிப்பைச் சோதித்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கக் கூடியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. சாதாரண வகுத்தல் கணக்கைச் செய்யக் கூடியவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

இது கிராமத்துக் கணக்கு. ஆனால் அந்தக் கிராமங்களிலிருந்துதான் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வருகின்றன. திருப்பத்தூரிலும் தர்மபுரியிலும் பாதி படித்த பிள்ளை, இங்கே வந்து புதிய பள்ளியில், புதிய மொழியில், மீதியைத் தொடர வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று படகில் கால் வைக்கும் பிள்ளை அது.

எழுத்தறிவும் எண்ணறிவும் மூன்றாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து விட வேண்டும் என்று மத்திய அரசு 2021இல் "நிபுண் பாரத்" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்கு முன்பே மூன்றாம் வகுப்பைத் தாண்டி, தட்டுத் தடுமாறி ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வந்து விட்ட பிள்ளை என்ன செய்யும்? அதற்குத் தனியாக அரிச்சுவடி சொல்லிக் கொடுக்க யாருக்கு நேரம்? சொல்லிக் கொடுத்தாலும், மீசை அரும்பும் வயதில் "அணில், ஆடு" படிக்கப் பையன் வெட்கப்படுவான்.

அவனுக்குச் சரித்திர வகுப்பு ஒரு நல்ல வாய்ப்பு. அவன் வயதுக்குத் தகுந்த விஷயம் அதில் இருக்கிறது. போர் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, வேலை நிறுத்தம் இருக்கிறது. விஷயத்தின் மேல் ஆசை வந்தால் எழுத்தும் எண்ணும் தானே வசப்படும்.

இது வெறும் யோசனை அல்ல. ஒரு பாடத்தை எடுத்துக் கொண்டு பார்க்கலாம். மேலே சொன்ன பஞ்சத்தையே எடுத்துக் கொள்வோம்.

தாது வருஷம்

ஊரில் பெரியவர்கள் இதைத் "தாது வருஷப் பஞ்சம்" என்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபது. அறுபதும் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து வரும். 1876 ஏப்ரலில் பிறந்தது தாது. அதை அடுத்து ஈஸ்வர. இரண்டு ஆண்டுகளும் மக்களை வாட்டின. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதி எல்லாம் பாதிக்கப்பட்டன. பெங்களூரும் கோலாரும் இந்தப் பஞ்சத்துக்குத் தப்பவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கும் கன்னடப் பிள்ளைக்கும் இது பொதுவான சரித்திரம்.

இங்கேயே முதல் கணக்கு வந்து விடுகிறது. 1876 தாது என்றால் அடுத்த தாது எப்போது? அறுபதைக் கூட்டினால் 1936. இன்னும் ஒரு அறுபது கூட்டினால் 1996. அதற்கடுத்தது 2056. "உன் அப்பா பிறந்தது 1996க்கு முன்பா, பின்பா? அடுத்த தாது வரும்போது உனக்கு என்ன வயது இருக்கும்?" என்று வாத்தியார் கேட்கட்டும். வகுப்பே விரல் விட்டு எண்ண ஆரம்பித்து விடும். ஆண்டு என்பது மனப்பாட எண்ணாக இல்லாமல் காலத்தின் நீளமாக மாறி விடும்.

முதலில் வாசிப்பு

பஞ்சத்தின் போது நிவாரண வேலைகள் நடந்தன. சாலை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். சென்னை போய் வரும் பிள்ளைகள் அந்தக் கால்வாயைப் பாலத்தின் மேலிருந்து பார்த்திருப்பார்கள். அதை வெட்டியவன் பசியோடு வெட்டினான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பியது. அதே ஜனவரி முதல் தேதிதான் டெல்லியில் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கும் தர்பார் கோலாகலமாக நடந்தது. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதி சரித்திரம் புரிந்து விடும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்பது டெம்பிளுக்கு இடப்பட்ட கட்டளை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் நிர்ணயித்தார். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவனுக்கும் அதைவிடக் குறைவு.

சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் மனிதனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார்.

இருவரும் ஆங்கிலேயர்கள். இருவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். ஒரே பஞ்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்?

வாசிப்பின் பயன் இந்தக் கேள்வியில்தான் தெரிய வரும். டெம்பிள் இதற்கு முன்பு, 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காப்பாற்றியவர். அப்போது "அதிகமாகச் செலவழித்து விட்டார்" என்று அவர் மேல் பழி விழுந்தது. அதே மனிதர் மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பவுண்டு போதும் என்கிறார். எழுதியவர் யார், யாருக்கு எழுதுகிறார், எந்த நெருக்கடியில் எழுதுகிறார் என்று பார்த்து வாசிக்கும் பழக்கம் வர வேண்டும். இந்தப் பழக்கம் வந்த பிள்ளை நாளை ஒரு விளம்பரத்தையும், சீட்டுக் கம்பெனிக்காரனின் நோட்டீசையும், தேர்தல் வாக்குறுதியையும் அதே கண்ணோடு வாசிக்கும்.

அடுத்தது கணக்கு

ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். நூறு கிராம் தானியத்தில் ஏறத்தாழ 350 கலோரி சக்தி உண்டு. அப்படியானால் ஒரு பவுண்டில் எவ்வளவு? பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,600 கலோரி வரும்.

கடும் உழைப்புச் செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவின்படி சுமார் 3,470 கலோரி. அதாவது, மண் வெட்டிச் சுமந்தவனுக்குக் கிடைத்த தானியம் தேவையில் பாதி கூட இல்லை.

"ஓரணா இருக்கிறதே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். அதையும் கணக்குப் போடலாம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு பேச்சுக்கு, ரூபாய்க்குப் பதினாறு பவுண்டு தானியம் விற்றால் ஓரணாவுக்கு ஒரு பவுண்டு கிடைக்கும். விலை ஏறி ரூபாய்க்கு எட்டுப் பவுண்டு ஆகி விட்டால்? ஓரணாவுக்கு அரைப் பவுண்டுதான். கூலி அதே ஓரணா, கிடைப்பது பாதி. அந்த அரைப் பவுண்டையும் சேர்த்தால் 2,400 கலோரி. அப்போதும் பற்றவில்லை. உப்பு எங்கே, மிளகாய் எங்கே, விறகு எங்கே? வேலை செய்ய முடியாமல் குடிசையில் கிடக்கும் கிழவிக்கு என்ன வழி?

பின்னக் கணக்கும் விகிதக் கணக்கும் இப்படி வந்தால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

இந்த இடத்தில் வாத்தியார் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம். பஞ்சப்படி! சம்பளம் வாங்கும் வீடுகளில் தினம் அடிபடும் சொல். விலைவாசி ஏறினால் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகைக்குத் தமிழில் ஏன் பஞ்சத்தின் பெயர் வந்தது? கூலி நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்று ஓரணாக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மைசூர் ராஜ்யத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 50 லட்சத்து 50 ஆயிரம். 1881இல் ஏறத்தாழ 41 லட்சத்து 90 ஆயிரம். கழித்தால் 8 லட்சத்து 60 ஆயிரம் குறைவு. நூற்றுக்குப் பதினேழு பேர். அதாவது ஆறு பேரில் ஒருவர் இல்லை.

வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஆறுக்கு ஒருவராக ஐந்து பேரை எழுந்து நிற்கச் சொன்னால் போதும். சதவீதம் என்றால் என்ன என்று அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கணக்கு அத்தோடு நிற்கக் கூடாது. குறைந்த அத்தனை பேரும் இறந்து போனார்களா? சிலர் ஊரை விட்டுப் போயிருக்கலாம். பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் இலங்கைக் காபித் தோட்டங்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பலேறினார்கள். பஞ்சம் வராமல் இருந்திருந்தால் பத்து ஆண்டில் ஜனத்தொகை கூடியிருக்குமே, அதையும் சேர்க்க வேண்டாமா? இப்படிக் கேட்கும்போதுதான் எண்ணை நம்புவதும் தெரியும், எண்ணைச் சந்தேகிப்பதும் தெரியும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மாண்டதாக 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் கணக்கிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் மொத்தம் 80 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விசாரிப்பதே ஒரு முழுப் பாடம்.

பிறகு எழுத்து

பஞ்ச காலத்தில் பம்பாய் மாகாணத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பெருந்திரளான மக்கள் நிவாரண வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலை நிறுத்தம் அது! 1870இல் தொடங்கப்பட்ட பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காகச் சர்க்காருக்கு மனு மேல் மனு எழுதியது. எந்த ஊரில் என்ன நிலை, எவ்வளவு கூலி, என்ன விலை என்று விவரங்களைத் திரட்டி எழுதினார்கள்.

சென்னையிலும் கார்னிஷ் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள். 1877 மார்ச்சில் சென்னை அரசு இறங்கி வந்து, தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. கேட்டது ஒன்றரை, கிடைத்தது ஒன்றேகால். ஒரு பவுண்டிலிருந்து பார்த்தால் கேட்டதில் பாதி. அந்தக் காலுக்கும் பேனா தேவைப்பட்டது.

ஆகவே எழுத்துப் பயிற்சிக்கு "பஞ்சத்தின் காரணங்கள் ஐந்து தருக" என்ற கேள்வி வேண்டாம். "நீ ஒரு நிவாரண முகாமில் இருக்கிறாய். நாற்பது தொழிலாளிகள் சார்பில் கலெக்டருக்குப் பத்து வரியில் மனு எழுது. குறைந்தது மூன்று எண்கள் இருக்க வேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று, தெளிவாக இருக்க வேண்டும்" என்று சொல்லலாம்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். யார், எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நடந்தது, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, என்ன கேட்கிறோம் என்ற ஏழும் வரிசையாக இருந்தால் அந்த மனு நகரும். இல்லாவிட்டால் கட்டுக்குள் தூங்கும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுத்து விட்டுக் கைநாட்டு வைக்கும் நிலை அடுத்த தலைமுறைக்கும் வர வேண்டுமா?

கணக்கு வாத்தியார் எழுதிய சரித்திரம்

சரித்திரமும் கணக்கும் வேறு வேறு என்பவர்கள் தாதாபாய் நவுரோஜியை நினைத்துப் பார்க்க வேண்டும். தேசத் தலைவர் என்று பாடப் புத்தகம் அவரைச் சொல்கிறது. அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தியன் ஒருவனுக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவர் மாகாணம் மாகாணமாக விளைச்சலைக் கூட்டினார், விலையால் பெருக்கினார், ஜனத்தொகையால் வகுத்தார். 1867-68ஆம் ஆண்டு நிலவரப்படி தலைக்குச் சுமார் 20 ரூபாய் என்று விடை வந்தது. அதோடு விடவில்லை. சிறையில் இருக்கும் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செய்யும் செலவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியே உழைத்துப் பிழைக்கும் குடியானவனின் வருமானம் உள்ளே இருக்கும் கைதிக்கு ஆகும் செலவுக்கும் போதவில்லை!

கூட்டல், பெருக்கல், வகுத்தல். ஏழாம் வகுப்புக் கணக்குத்தான். அந்தக் கணக்கு ஒரு சாம்ராஜ்யத்தைப் பதில் சொல்ல வைத்தது.

வீட்டுப் பெட்டியில் உள்ள சரித்திரம்

பஞ்சம் அடங்கிய சில ஆண்டுகளில் கோலார் தங்க வயல் விழித்துக் கொண்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுரங்க வேலைக்கு வந்து சேர்ந்தன. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழத்துக்குப் போனது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

குதுப்மினார் சுமார் 73 மீட்டர் உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை குதுப்மினாரை அந்தக் குழிக்குள் இறக்கலாம்? வகுத்தால் ஏறத்தாழ நாற்பத்து நான்கு. அந்த ஆழத்துக்குத்தான் தாத்தா தினம் இறங்கி ஏறினார் என்று தெரிந்தால், மாரிக்குப்பம் ரயிலில் வரும் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளும்.

பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய சம்பளச் சீட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓய்வு பெற்றபோது கொடுத்த கணக்குத் தாள் இருக்கிறது. எல்லாம் சரித்திர ஆவணங்கள். தாத்தாவின் ஒரு மாதச் சம்பளத்தில் அந்த ஆண்டு எத்தனை படி அரிசி வாங்கலாம், அப்பாவின் சம்பளத்தில் இன்று எத்தனை கிலோ வாங்கலாம் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வந்தால், அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சரித்திரம். வாசிப்பும் அதில் உண்டு, கணக்கும் உண்டு, எழுத்தும் உண்டு. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் பேச ஒரு ஆள் கிடைக்கும்.

ஆட்சேபணைகள்

"போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதில் கணக்கும் சொல்லிக் கொடுப்பதா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று அவர்கள் தலையில் ஏறும் சுமையும் கொஞ்சமல்ல.

ஆனால் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டியதில்லை. பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். நாற்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும், பத்து நிமிடம் கணக்குப் போடட்டும், பத்து நிமிடம் எழுதட்டும். மீதிப் பத்து நிமிடம் ஆசிரியர் பேசட்டும். வாசிக்கத் தெரிந்து விட்ட பிள்ளை மற்றப் பாடங்களைத் தானே வாசித்துக் கொள்ளும். இன்று செலவழிக்கும் நேரம் நாளை மிச்சமாகும்.

"சரித்திரத்தை எண்ணாக்கி விட்டால் அதன் உயிர் போய் விடும்" என்பது இன்னொரு ஆட்சேபணை. இதிலும் உண்மை உண்டு. பசித்துச் செத்த குழந்தையின் தாய் பட்ட பாட்டை எந்தக் கலோரிக் கணக்கும் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் கதையும் பாட்டும் இருக்கின்றன. அவையும் வகுப்புக்கு வரட்டும். ஆனால் கதை மட்டும் கேட்ட பிள்ளை அழுது விட்டு மறந்து விடும். கணக்கும் போட்ட பிள்ளை, "அந்த அரைப் பவுண்டை ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்கும். பஞ்சத்தை வானத்தின் மேல் மட்டும் பழி போட்டுத் தள்ளி விட அந்தப் பிள்ளை சம்மதிக்காது.

"புத்தகம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கிறதே, தமிழ் வீட்டில் என்ன செய்வது?" என்று பெற்றோர் கேட்பார்கள். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. பள்ளியில் கன்னடத்தில் வாசித்த பாடத்தைப் பிள்ளை வீட்டில் தமிழில் பாட்டிக்குச் சொல்லட்டும். ஒரு மொழியில் வாசித்ததை இன்னொரு மொழியில் சொல்லத் தெரிந்தால்தான் பாடம் புரிந்தது என்று அர்த்தம். பிழைக்க வந்த மண்ணின் மொழியை நன்றாகக் கற்க வேண்டும். தாய்மொழியையும் கை விடக் கூடாது. சரித்திரப் பாடம் இரண்டுக்கும் பாலமாக இருக்கும். எண்ணுக்கு மொழி ஏது?

செய்ய வேண்டியது

ஆசிரியர்கள் ஒரு பாடத்தில் தொடங்கிப் பார்க்கலாம். பரீட்சைக் கேள்வி தயாரிப்பவர்கள் "எந்த ஆண்டு?" என்ற கேள்வியைக் குறைத்து, ஒரு சிறு பட்டியலையோ பழைய கடிதத்தையோ கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கலாம். கேள்வி மாறினால் வகுப்பும் மாறும்.

தமிழ் அமைப்புகள் ஆண்டு விழாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒதுக்கலாம். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு கரும்பலகை, பழைய பத்திரிகைகள், ஒரு ரயில்வே கால அட்டவணை, ஒரு தராசு இருந்தால் போதும். ஆபீசில் வேலை பார்க்கும் இளைஞர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஒரு பேட்டையே பயன் பெறும்.

பெற்றோர் செய்யக் கூடியதும் உண்டு. மாதச் சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்க வேண்டியது 1,800 ரூபாய். சீட்டில் அதுதான் இருக்கிறதா? அந்தப் பணம் பிள்ளையின் அப்பா பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா? கட்டவில்லை என்றால் யாருக்கு, எப்படி எழுதுவது?

1877இல் மண் சுமந்தவனுக்கு ஒரு பவுண்டு போதாது என்று வயிற்றுக்குத் தெரியும். அதைக் கணக்காக்கிக் காட்டவும் மனுவாக்கி எழுதவும் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் இல்லை. வேறு யாரோ அவனுக்காக எழுத வேண்டியிருந்தது. எழுதிய பிறகும் கால் பவுண்டுதான் கூடியது.

இன்று அவனுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் இருக்கிறது, பேனா இருக்கிறது. அவர்களுக்கு ஆண்டுகளை மட்டும் கொடுத்து அனுப்பி விடக் கூடாது. வாசிக்கவும், எழுதவும், கணக்குப் பார்க்கவும் கற்றுக் கொடுத்து அனுப்ப வேண்டும். தன் கூலியைத் தானே கணக்குப் பார்க்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது எளிதல்ல!